கேரவனுக்கு ஜெனரேட்டர்: ஏசியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்

கேரவன் என்றாலே ஷூட்டிங் நடக்கும் இடத்தில் நிற்கும் பெரிய பஸ்தான் நினைவுக்கு வந்த காலம் மாறிவிட்டது. பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, படுக்கை, சின்ன சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். வேலூரிலிருந்து கிளம்பினால் மாலைக்குள் ஏலகிரி, கொஞ்சம் சுற்றிப் போனால் ஜவ்வாது மலை. வண்டி வேலை முடிகிற நேரத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஜெனரேட்டர் எத்தனை கேவிஏ வாங்கலாம்?” கேவிஏ என்பது ஜெனரேட்டரின் சக்தியைச் சொல்லும் அளவு.

கடையில் கேட்டால் “பெருசாவே எடுத்துக்குங்க சார், பின்னாடி தொல்லை இருக்காது” என்பார்கள். தொல்லை பின்னாடிதான் வரும். பெரிய ஜெனரேட்டரை வண்டியிலிருந்து இறக்க இரண்டு ஆள் வேண்டும். குறைந்த லோடிலும் பெட்ரோல் குடிக்கும். சத்தத்துக்குப் பக்கத்து டென்ட்காரர் எழுந்து வருவார். அதனால் கேவிஏவை ஓரமாக வையுங்கள். முதலில் கேட்க வேண்டியது: வண்டியில் ஏசி உண்டா, உண்டென்றால் அதை எந்த ஊரில், எந்த நேரத்தில் போடப்போகிறீர்கள்? கேரவனில் ஜெனரேட்டர் சைஸை முடிவு செய்வது ஏசிதான். மற்றதையெல்லாம் ஒரு நல்ல பேட்டரி பார்த்துக்கொள்ளும்.

ஏசி இல்லாத வண்டியின் கணக்கை முதலில் பார்த்துவிடலாம், அது சுலபம். 12 வோல்ட்டில் ஓடும் சின்ன கம்ப்ரெஸர் ஃப்ரிட்ஜ் 50 வாட் இழுக்கும், அதுவும் நாளில் பாதி நேரம்தான். ஆக 24 மணி நேரத்துக்கு 0.6 யூனிட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் இரண்டு, தலைக்கு 30 வாட், ராத்திரி முழுக்க ஓடினால் அரை யூனிட். எல்இடி விளக்கு, செல்போன், தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்த்து இன்னொரு 0.3. மொத்தம் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்டைத் தாண்டாது. 12 வோல்ட், 200 ஏஎச் (ஆம்பியர்-அவர்) லித்தியம் பேட்டரியில் இரண்டரை யூனிட் இருக்கிறது. கூரை மேல் 400 வாட் சோலார் தகடு போட்டால் நம் ஊர் வெயிலுக்கு நாளுக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேலேயே தரும். வண்டி ஓடும்போது என்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்தும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். சமையலுக்குக் கேஸ் அடுப்பு. இப்படி ஒரு வண்டிக்கு ஜெனரேட்டரே தேவையில்லை. ஏலகிரிக்கும் ஜவ்வாது மலை மேலுள்ள ஜமுனாமரத்தூருக்கும் மட்டும் போகிறவர் அந்தப் பணத்தைப் பேட்டரியில் போடுவதுதான் புத்திசாலித்தனம். மலையில் ராத்திரி போர்வை தேடுவீர்களே தவிர ஏசியைத் தேட மாட்டீர்கள்.

ஏசி வந்தால்தான் கதை மாறுகிறது.

தகட்டில் எழுதியிருப்பது

ஜெனரேட்டர் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மேக்ஸிமம், மற்றொன்று ரேட்டட். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது மேக்ஸிமம். அது கொஞ்ச நேரத்துக்கு மட்டுமே தாங்கும் அளவு. மணிக்கணக்கில் ஓட்டுவதற்கு ரேட்டட் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். 2 கேவிஏ என்று விற்கும் சூட்கேஸ் அளவு மெஷின்கள் பலவற்றில் ரேட்டட் 1.6 கேவிஏதான்.

அடுத்து கேவிஏவுக்கும் கிலோவாட்டுக்கும் உள்ள வித்தியாசம். வோல்டேஜையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது விஏ. ஆயிரம் விஏ ஒரு கேவிஏ. ஆனால் மோட்டார், கம்ப்ரெஸர் மாதிரி சாதனங்கள் இழுக்கும் கரண்ட் அத்தனையும் வேலையாக மாறாது. மாறுவது மட்டும் வாட். தகட்டில் வாட் தனியாகப் போட்டிருந்தால் அதை எடுங்கள். கேவிஏ மட்டும் இருந்தால் 0.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், கணக்குப் பத்திரமாக இருக்கும். ரேட்டட் 1.6 கேவிஏ என்றால் 1280 வாட். ரேட்டட் 2.8 கேவிஏ என்றால் 2240 வாட்.

ஏசி ஸ்டார்ட் ஆகும் அந்தக் கணம்

1 டன் ஏசி ஒன்று ஓடும்போது சுமார் 1100, 1200 வாட் இழுக்கும். இதைப் பார்த்துவிட்டு 1.6 கேவிஏ மெஷின் வாங்கி, இன்வெர்ட்டர் இல்லாத பழைய மாடல் ஏசியை மாட்டினால் என்ன ஆகும்? ஏசி வயரில் கிளாம்ப் மீட்டரை (வயரைக் கவ்வியபடியே ஆம்பியர் காட்டும் கருவி) கவ்வ வைத்துப் பாருங்கள். ஃபேன் மட்டும் ஓடும்போது அரை ஆம்பியருக்கும் கீழே காட்டும். கம்ப்ரெஸர் ‘டக்’கென்று பிடிக்கும் நொடியில், ஸ்டார்ட்டிங் கரண்ட்டைப் பிடித்துவைக்கும் வசதி மீட்டரில் இருந்தால், 20 ஆம்பியருக்கு மேல் காட்டும். ஒரு நொடிக்குள் 5 ஆம்பியர் சொச்சத்துக்கு இறங்கிவிடும். அந்த ஒரு நொடிக்கு ஜெனரேட்டர் கொடுக்க வேண்டியது 230-ஐ 20-ஆல் பெருக்கினால் வரும் 4600 விஏ. சின்ன மெஷினால் முடியாது. என்ஜின் சத்தம் அமுங்கும், விளக்கு மங்கும், ஓவர்லோடு சிவப்பு விளக்கு எரியும். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் பிளக்கில் கரண்ட் இருக்காது. ஜெனரேட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. லோடைக் கழற்றி ரீசெட் செய்தால் மறுபடி வரும்.

இன்வெர்ட்டர் ஏசியில் இந்த உதை கிடையாது. கம்ப்ரெஸர் மெதுவாகச் சுழலத் தொடங்கிப் படிப்படியாக வேகம் எடுக்கும். உள்ளே குளிர்ந்ததும் 300, 400 வாட்டுக்கு இறங்கிவிடும். அதனால் கேரவனுக்கு இன்வெர்ட்டர் ஏசி போடுவதே ஜெனரேட்டரைப் பாதியாகக் குறைப்பதற்குச் சமம். சின்ன வேனாக இருந்தால், தகரத்துக்கு உள்ளே ஒழுங்காக இன்சுலேஷன் ஒட்டியிருந்தால், 0.8 டன்னே போதும். பழைய ஏசிதான் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது என்றால் சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சின்னப் பெட்டியைக் கம்ப்ரெஸருக்கு முன்னால் மாட்டலாம். ஸ்டார்ட்டிங் கரண்ட் பாதிக்கும் கீழே இறங்கும்.

யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் ஜெனரேட்டர் விமர்சனம் செய்வதைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கேரவன் கூரையில் இருக்கும் ஏசி பெரும்பாலும் 13,500 பிடியூ (அங்கே ஏசியின் குளிர்விக்கும் திறனைச் சொல்லும் அளவு), நம் கணக்கில் 1 டன்னுக்குக் கொஞ்சம் மேல். மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கே சொல்லும் 30 ஆம்பியர் பிளக்கில் கிடைப்பது 3600 வாட். நம் 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் பிளக்கே கிட்டத்தட்ட அவ்வளவு தருகிறது. வாட் கணக்கை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆம்பியர் கணக்கை எடுக்கக்கூடாது. அங்கிருந்து யாராவது மெஷினைக் கொண்டுவந்து விற்றால், விலை எவ்வளவு குறைவானாலும் தொடாதீர்கள்.

வேலூர் வெயிலும் ஏலகிரி உயரமும்

கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் என்ஜினுக்குக் கெட்டியான காற்று வேண்டும். ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் பலம் சுமார் மூன்றரை சதவீதம் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஏலகிரி 1100 மீட்டர் உயரம். 14 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கும்போது உங்கள் ஜெனரேட்டர் 12, 13 சதவீதத்தை இழந்திருக்கும். 1280 வாட் மெஷின் 1100 வாட் சொச்சமாகிவிடும். ஜவ்வாது மலையில் 725 மீட்டரில் இருக்கும் காவலூரில் எட்டு சதவீதம் போல. (காவலூரில் ராத்திரி தங்கினால் வண்டிக்கு வெளியே ஃபோகஸ் லைட் போடாதீர்கள். அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விளக்கை அணைத்தால் உங்களுக்கும் நல்ல வானம் கிடைக்கும்.)

உயரம் ஜெனரேட்டரின் பலத்தைக் குறைத்தாலும் மலையில் ஏசி தேவையில்லை என்பதால் கணக்கு நேராகிவிடுகிறது. சிக்கல் கீழேதான். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதில்லை. அந்த வெயிலில் என்ஜின் மூன்று சதவீதம் போல இழக்கும், அது பெரிய விஷயமில்லை. ஆனால் அதே வெயிலில் ஏசி வழக்கத்தைவிடக் கூடுதலாக இழுக்கும், கம்ப்ரெஸருக்கு ஓய்வே இருக்காது. கொடுக்கிறவன் தளர்ந்திருக்கும் நேரத்தில் கேட்கிறவனுக்குப் பசி அதிகம். ஏசி கணக்கை எப்போதும் மே மாத மதியத்தை வைத்தே போடுங்கள். புளியமரமோ மாமரமோ பார்த்து நிழலில் வண்டியை நிறுத்துவது, கால் கேவிஏ கூடுதலாக வாங்குவதைவிட நல்ல பலன் தரும்.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். 1 டன் இன்வெர்ட்டர் ஏசி 1200 வாட். 12 வோல்ட், 30 ஆம்பியர் பேட்டரி சார்ஜர் 500 வாட். ஃபேன், விளக்கு, ஃப்ரிட்ஜ் 150. மொத்தம் 1850. இதற்கு மேல் 20 சதவீதம் இடம் விட்டால் 2220. ரேட்டட் 2.8 கேவிஏ மெஷினின் 2240 வாட்டுக்குச் சரியாகப் பொருந்துகிறது. கடையில் இதை 3 கேவிஏ என்பார்கள். 1.6 ரேட்டட் மெஷினில் இதே ஏசியை ஓட்ட முடியாதா? ஓட்டலாம், சார்ஜரை நிறுத்திவிட்டு, வேறு எதையும் தொடாமல் இருந்தால். மே மாதத்தில் அதுவும் இழுபறிதான். 0.8 டன் ஏசி என்றால் நிம்மதியாக ஓடும்.

750 வாட் மிக்ஸியைச் சட்னி அரைக்கும் இரண்டு நிமிடத்துக்குப் போட வேண்டுமென்றால் சார்ஜரை அணைத்துவிட்டுப் போடுங்கள். மிக்ஸிக்காகப் பெரிய ஜெனரேட்டர் வாங்கக்கூடாது. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பையும் 1500 வாட் கெட்டிலையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

எந்த வகை?

சந்தையில் இரண்டு வகை. ஒன்று, கல்யாணப் பந்தலிலும் கட்டட வேலை இடத்திலும் பார்க்கும் திறந்த சட்டம் போட்டது. 50 ஹெர்ட்ஸ் கிடைக்க அதன் என்ஜின் எப்போதும் 3000 ஆர்பிஎம்மில் ஓடியாக வேண்டும். ஒரு செல்போன் மட்டும் சார்ஜ் ஆனாலும் அதே வேகம், அதே சத்தம். லோடு ஏறி இறங்கும்போது வோல்டேஜும் ஆடும்.

இன்னொன்று இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். இது இன்வெர்ட்டர் ஏசியோடு சம்பந்தப்பட்டதல்ல, வீட்டில் கரண்ட் போனால் ஓடும் இன்வெர்ட்டரும் அல்ல. என்ஜின் தயாரிக்கும் மின்சாரத்தை முதலில் டிசியாக்கி, பிறகு மின்னணுச் சுற்று வழியாகச் சுத்தமான 230 வோல்ட்டாக மாற்றித் தருகிறது. அதனால் என்ஜின் எந்த வேகத்தில் ஓடினாலும் வெளியே 50 ஹெர்ட்ஸ்தான். லோடு குறைந்தால் என்ஜின் தானாக வேகம் குறைக்கும், பெட்ரோல் மிச்சம், சத்தமும் குறைவு. இன்வெர்ட்டர் ஏசியின் போர்டும் லேப்டாப் சார்ஜரும் இந்த மின்சாரத்தில் பத்திரமாக இருக்கும். விலை கூடுதல்தான். கேரவனுக்கு இதைத் தவிர வேறு வாங்காதீர்கள் என்றே சொல்வேன். 2012 மின்வெட்டுக் காலத்தில் கடைக்கு வாங்கிய பழைய மெஷின் வீட்டில் சும்மா கிடக்கிறது என்பதற்காக அதை வண்டியில் ஏற்றாதீர்கள்.

எடையையும் பாருங்கள். 2 கேவிஏ வகை 21 கிலோ வாக்கில் இருக்கும், ஒரு கையில் தூக்கிவிடலாம். 3 கேவிஏ வகையில் 60 கிலோ வரை போகும். இரண்டு 2 கேவிஏ மெஷின்களைக் கேபிளால் இணைத்து ஒன்றாக ஓட்டும் வசதி சில மாடல்களில் உண்டு. பணம் அதிகம் ஆகும், ஆனால் மலைக்குப் போகும்போது ஒன்றை வீட்டில் விட்டுவிடலாம், ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று கைகொடுக்கும். இடுப்புவலிக்காரர்கள் இந்த வழியை யோசிக்கலாம்.

சத்தம்

விளம்பரத்தில் போடும் டெசிபல் எண் பெரும்பாலும் 7 மீட்டர் தள்ளி நின்று, கால்வாசி லோடில் அளந்தது. ஏசி போட்டால் அந்த எண் நிற்காது. ஒப்பிட்டுப் பார்க்கும்போது இரண்டு மெஷினையும் ஒரே தூரத்தில், ஒரே லோடில் அளந்தார்களா என்று பாருங்கள். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்றால் இரவில் 40. வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு உறவினரைப் பார்க்க வண்டியோடு வருகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

புகை: இதில் மட்டும் சமரசம் கிடையாது

கேரளத்தின் வடகரையில் 2024 டிசம்பரில், சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் ஓட, ஏசி போட்டுக்கொண்டு உள்ளே படுத்திருந்தவர்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததுதான் காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. லேசான தலைவலி, குமட்டல், தூக்கம் என்று வரும், பயணக் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவோம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் பிடிக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. வண்டியின் தரையில் வயர் போக விட்ட ஓட்டை, டிக்கிக் கதவின் ரப்பர் இடுக்கு, திறந்த ஜன்னல் எது வழியாகவும் உள்ளே வரும். ஆகவே ஜெனரேட்டரை டிக்கிக்குள்ளேயோ வண்டிக்கு அடியிலோ பின் பம்பரில் கட்டியபடியோ ஓட்டாதீர்கள். கீழே இறக்கி, குறைந்தது 6 மீட்டர் தள்ளி, சைலன்சர் வண்டிக்கு எதிர்ப்பக்கம் பார்க்க, காற்று வண்டியிலிருந்து அதை நோக்கி வீசும்படி வையுங்கள். பக்கத்து வண்டிக்காரரின் ஜன்னலையும் கவனியுங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

இதையெல்லாம் செய்தாலும், ஜெனரேட்டர் ஓட ஓடத் தூங்காதீர்கள். இங்கேதான் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். “அப்போ ராத்திரி ஏசிக்கு என்ன பண்றது?” வேலூர் சமவெளியில் மே மாத ராத்திரி ஏசி இல்லாமல் முடியாது என்றால் பிளக் பாயின்ட் உள்ள இடம் தேடுங்கள். லாட்ஜ் வளாகம், தெரிந்தவர் வீட்டு வாசல், எங்காவது ஒரு 16 ஆம்பியர் பிளக் போதும். ஜெனரேட்டர் சாயங்காலம் இரண்டு மூன்று மணி நேரம் ஓடி, உள்ளே குளிர வைத்து, பேட்டரியையும் நிரப்பட்டும். பத்து மணிக்கு அணைத்துவிட்டு ஃபேனில் படுங்கள்.

கணக்குப் பார்த்தாலும் அதுதான் சரி. இந்த மெஷின்கள் ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒன்றரை முதல் இரண்டு யூனிட் வரைதான் தரும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே யூனிட் 50 ரூபாய்க்குக் குறையாது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று பழகிய நமக்கு இது நெஞ்சை அடைக்கும்.

வயர், பெட்ரோல், எண்ணெய்

ஜெனரேட்டரிலிருந்து வண்டிக்கு 2.5 சதுர மிமீ செம்பு, மூன்று கோர் ஃப்ளெக்ஸிபிள் கேபிள். வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகிவிடும். வெளிப் பிளக் மின்சாரமும் ஜெனரேட்டர் மின்சாரமும் ஒருபோதும் சந்திக்காதபடி சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம். எர்த் விஷயத்தை நல்ல எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது, சின்ன ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்காது, அந்த நிலையில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழ வேண்டிய நேரத்தில் விழாமல் போகலாம். “ஜெனரேட்டர்ல ஓடும்போது ஆர்சிசிபி ட்ரிப் ஆகுதா, டெஸ்ட் பண்ணிக் காட்டுங்கண்ணே” என்று கேளுங்கள். காட்டாதவர் வேண்டாம்.

பெட்ரோலை இரும்பு ஜெர்ரி கேனில், வண்டிக்கு வெளியே கட்டி எடுத்துச் செல்லுங்கள். சூடான என்ஜினில் ஊற்றக்கூடாது. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது, அது ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டரில் மாதக்கணக்கில் தேங்கினால் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட் அடைத்துக்கொண்டு, அடுத்த பயணத்தில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் பிடிக்காது. வீடு திரும்பியதும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு என்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். புது மெஷினில் முதல் 20 மணி நேரத்தில் என்ஜின் ஆயிலை மாற்ற வேண்டும், பிறகு 100 மணிக்கு ஒருமுறை. ஜவ்வாது மலை மண் சாலையில் போய்வந்தால் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள்.

வாங்கும் நாளில் வண்டியையே கடைக்கு ஓட்டிக்கொண்டு போங்கள். மதியம் 2 மணிக்குப் போனால் நல்லது. ஜெனரேட்டரைப் போட்டு, சார்ஜரையும் ஃப்ரிட்ஜையும் ஓடவிட்டு, கடைசியாக ஏசியை 18 டிகிரியில் வையுங்கள். அரை மணி நேரம் நில்லுங்கள். விளக்கு துடிக்கிறதா, ஓவர்லோடு விளக்கு எட்டிப் பார்க்கிறதா, பிளக்கில் வோல்டேஜ் 220-க்குக் கீழே இறங்குகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் “அதெல்லாம் ஓடும் சார்” என்று சொன்னாலும் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். அருகில் சர்வீஸ் எங்கே, கார்புரேட்டரும் ஸ்பார்க் பிளக்கும் கையிருப்பில் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.